அடங்கிவிட்டால் சுகமாகிவிட்டதா?



சென்ற மாதம் எங்கள் மாதர் சங்கக் கூட்டத்தில் ஓய்வுபெற்ற தாதி ஒருவர் இரண்டு வருத்தங்களைப் பற்றிச் சொல்லித்தந்தார். ஒன்று தலையில் அடிபடுதல். மற்றது நாங்கள் முட்டு என்றும் தொய்வு என்றும் சொல்லும் ஆஸ்துமா. தலைக்கும் நெஞ்சுக்கும் என்ன தொடர்பு என்று முன்வரிசையில் இருந்த ஓர் அம்மா கேட்டார். "வருத்தத்தில் தொடர்பில்லை. நாங்கள் விடுகிற பிழையில்தான் தொடர்பு இருக்கு. இரண்டிலும் ஆள் அமைதியாகிவிட்டால் சுகமாகிவிட்டது என்று நினைத்துப் படுக்க விடுகிறம்" என்றார் தாதி. அதைக் கேட்டபோது நான் எழுந்து வெளியே போய்ச் சிறிது நேரம் நின்றுவிட்டு வந்தேன். ஏன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

2008ஆம் ஆண்டு கார்த்திகை மாதம். கிளிநொச்சியிலிருந்து இடம்பெயர்ந்து தருமபுரத்தில் ஒரு தறப்பாள் கொட்டிலில் இருந்தோம். எனக்கு அப்போது பதினேழு வயது. விடாத மழை. நிலமெல்லாம் ஈரம். ஈர விறகின் புகை கொட்டிலுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும். என் சின்னம்மாவுக்குச் சிறுவயதிலிருந்தே முட்டு. அவருடைய பம்ப் முடிந்து பத்து நாளாகியிருந்தது. அன்றிரவு கொட்டில் கம்பைப் பிடித்தபடி குந்தியிருந்து இழுத்துக்கொண்டிருந்தார். அம்மா தேங்காயெண்ணெயைச் சூடாக்கி நெஞ்சில் தடவினார். விடியப்புறம் இரண்டு மணியளவில் இழுப்புச் சத்தம் குறைந்தது. "அடங்கிட்டுது பிள்ளை, இனிக் கொஞ்சம் படுக்கட்டும்" என்றார் அம்மா. நாங்கள் அவரைக் கிடத்திப் போர்வையும் போர்த்துவிட்டோம். விடிந்ததும் தேத்தண்ணீரோடு எழுப்பப் போனேன். சின்னம்மா எழும்பவில்லை.

மழைதான் அவரைக் கொண்டுபோனது என்றே பல வருடங்கள் நினைத்திருந்தேன். பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்தேன். இடப்பெயர்வு, வறுமை, பெண் தலைமைக் குடும்பங்கள் பற்றியெல்லாம் கட்டுரைகள் எழுதினேன். ஆனால் முட்டு வந்தவர் திடீரென்று சத்தமில்லாமல் போவது ஆபத்தின் அறிகுறி என்பதை எந்தப் புத்தகமும் எனக்குச் சொல்லவில்லை. அன்று அது தெரிந்திருந்தால் சின்னம்மாவைக் காப்பாற்றியிருப்போம் என்று சொல்லமாட்டேன். அந்த மழையில், அந்த நிலைமையில் எங்கே கொண்டுபோயிருப்போம்? ஆனால் அவரைக் கிடத்தியிருக்கமாட்டோம். தனியே விட்டுவிட்டு நித்திரைக்குப் போயிருக்கவும் மாட்டோம்.

நான் தாதியல்ல. அந்த அம்மா சொன்னவற்றைக் குறித்துவைத்து, அவருக்கே வாசித்துக்காட்டித் திருத்தி, இங்கே தருகிறேன்.

பார்ப்பதே தாதியின் முதல் வேலை

தாதி வேலை என்றால் ஊசி போடுவதும் மருந்து கட்டுவதும் என்றே நாம் நினைக்கிறோம். முதல் வேலை நோயாளியைப் பார்த்துக்கொண்டிருப்பதுதான். போரில் காயப்பட்டவர்களைப் பராமரித்த புளோரன்ஸ் நைட்டிங்கேல் 1859இல் எழுதிய தாதியியல் நூலில், நோயாளியைக் கவனித்துப் பார்ப்பதற்கென்றே ஓர் அத்தியாயம் ஒதுக்கியிருக்கிறார். எங்கள் தாதி அதையே தன் பாணியில் சொன்னார்: "டொக்டர் பத்து நிமிசம் பார்ப்பார். நாங்கள் பத்து மணித்தியாலம் பார்ப்பம். வீட்டில் நீங்கள்தான் நேர்ஸ்."

முட்டு: சத்தத்தை மட்டும் நம்பவேண்டாம்

முட்டு வரும்போது நுரையீரலுக்குக் காற்றுக் கொண்டுபோகும் சிறு குழாய்களின் தசை இறுகுகிறது. குழாயின் உட்சுவர் வீங்குகிறது. சளியும் சேர்ந்து அடைக்கிறது. ஒடுங்கிய குழாயினூடாகக் காற்றுப் போய்வரும்போதுதான் அந்த விசில் போன்ற சத்தம் கேட்கிறது. ஆகவே சத்தம் கேட்கிறதென்றால் காற்றுக் கொஞ்சமாவது ஓடுகிறது என்று அர்த்தம். குழாய்கள் இன்னும் அடைத்து, இழுத்து இழுத்து ஆளும் களைத்துவிட்டால் சத்தம் போடவும் காற்றிருக்காது. அந்த அமைதிதான் ஆபத்து.

உண்மையாகவே சுகமாகிறவர் எப்படி இருப்பார்? சத்தம் குறைவதோடு ஒரு முழு வசனத்தை மூச்சு விடாமல் சொல்வார். தண்ணீர் கேட்பார். முகம் தெளியும். சத்தம் குறைந்த பிறகும் இரண்டு சொல்லுக்கு ஒருதரம் மூச்சு வாங்கினால், விலா எலும்புகளுக்கிடையிலும் தொண்டைக்குழியிலும் தோல் உள்ளே இழுபட்டால், உதடும் நகமும் நீலம் பாய்ந்தால், கேட்டதற்கு விளங்காமல் பதில் சொன்னால், சோர்ந்து சரிந்தால், உடனே அம்புலன்ஸ் தேவை.

அதுவரை செய்யவேண்டியவை:

1. படுக்க வைக்கவேண்டாம். நிமிர்த்தி இருத்துங்கள். கதிரையில் முன்னுக்குச் சாய்ந்து கைகளை ஊன்றியிருப்பது சுகம்.

2. புகையிலிருந்து வெளியே கொண்டுவாருங்கள். இறுக்கமான உடுப்பைத் தளர்த்துங்கள். ஆட்கள் சுற்றி நின்று காற்றை மறைக்கவேண்டாம்.

3. மூச்சைத் திறக்கும் பம்பைக் கொடுங்கள். இது சல்பியூட்டமோல், பொதுவாக நீல நிறம். ஒரு தடவைக்கு ஓர் அழுத்து. அதை இழுத்து முடிந்த பிறகு, அரை நிமிடம் விட்டு, அடுத்தது. தேவையானால் பத்து வரை கொடுக்கலாம். பத்துக்கும் சுகம் தெரியாவிட்டால் விடியட்டும் என்று காத்திருக்கக்கூடாது.

4. சிறுபிள்ளைகளுக்கும் களைத்தவர்களுக்கும் பம்பை நேரே வாயில் வைத்து இழுக்க முடியாது. ஸ்பேசர் என்ற குடுவை தேவை. அது இல்லாவிட்டால் 500 மில்லிலீற்றர் பிளாஸ்டிக் போத்தலைக் கழுவி உலர்த்தி, அடியில் பம்பின் வாய் இறுக்கமாகப் பொருந்தும் அளவுக்குத் துளையிட்டு, போத்தலின் வாயால் மூச்சு இழுக்கவையுங்கள். தென்னாபிரிக்காவின் கேப் டவுன் நகரில் முட்டு வந்த பிள்ளைகளிடம் செய்து பார்த்து 1999இல் வெளியிட்ட ஆய்வில், இந்தப் போத்தல் கடையில் விற்கும் ஸ்பேசரைப் போலவே பயன் தந்தது. இதைக் கேட்டதும் எங்கள் பெண்கள் அங்கேயே வெற்றுப் போத்தல்களைத் தேடத் தொடங்கிவிட்டார்கள்.

குளிசைக் கூட்டை உடைத்துத் தூளை இழுக்கும் கருவி வேறு. அதற்கு இந்தப் போத்தல் பொருந்தாது. கடுமையாக முட்டும்போது அந்தத் தூளைப் பலமாக இழுக்கவும் இயலாது. உங்களிடம் அதுதான் இருந்தால், அவசரத்துக்கு என்ன செய்வது என்று கிளினிக்கில் முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.

இன்னொரு பம்ப் இருக்கிறது. குழாயின் வீக்கத்தைக் குறைப்பது. பெக்லோமெதசோன் போன்ற மருந்து, பெரும்பாலும் மண்ணிறம். இது சுகமாக இருக்கும் நாட்களிலும் தினமும் எடுக்கவேண்டியது. எடுத்த பின் வாயைக் கொப்பளித்துத் துப்பவேண்டும். எங்கள் பெண்கள் இதைத்தான் முதலில் நிறுத்துகிறார்கள். "பம்ப் பழகிவிடும்" என்ற பயம் ஒன்று. "பம்ப் எடுக்கிற பெட்டைக்குக் கலியாணம் பொருந்தாது" என்ற பயம் மற்றது. பம்ப் போதைப் பொருளல்ல. கர்ப்பமாகிவிட்டேன் என்று நிறுத்துவதும் பிழை. தாய்க்கு மூச்சு முட்டினால் வயிற்றுப் பிள்ளைக்கும் காற்றுக் குறைகிறது. சந்தேகமிருந்தால் உங்கள் குடும்பநல உத்தியோகத்தரிடம் கேளுங்கள்.

எங்கள் வாழ்வாதாரமே சிலருக்கு முட்டைக் கொண்டுவருகிறது. விறகடுப்புப் புகை, தும்புத் தூசி, அரிசி ஆலைத் தூசி, குப்பை எரிக்கும் புகை, நுளம்புத்திரி, சாம்பிராணி எல்லாம் அதில் அடங்கும். எல்லாவற்றையும் விடமுடியாது. ஆனால் குசினிக்குப் புகைபோக்கி வைக்கலாம். தும்பு வேலையை வெளிவிறாந்தையில் செய்யலாம். முட்டுக்காரர் படுக்கும் அறையில் நுளம்புத்திரிக்குப் பதிலாக நுளம்பு வலை கட்டலாம்.

தலை: நித்திரையா, மயக்கமா?

மண்டையோடு மூடிய பெட்டி. உள்ளே இரத்தம் கசிந்தால் அது வெளியே வர வழியில்லை. சேரச்சேர மூளையை நெரிக்கும். சில வேளைகளில் அடிபட்டவர் எழும்பி நடப்பார், கதைப்பார், சமைப்பார். சில மணித்தியாலங்களின் பின்னரே சரிவார். "விழுந்தவர் நல்லாத்தானே கதைத்தார்" என்று செத்தவீட்டில் நாம் கேட்பது இதைத்தான்.

1974இல் ஸ்கொட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் டீஸ்டேல், ஜெனெட் என்ற இரு மருத்துவர்கள் மயக்கத்தின் ஆழத்தை அளக்க ஓர் எளிய முறையை வெளியிட்டார்கள். இன்று உலகெங்கும் தாதிமார் அதைத்தான் பயன்படுத்துகிறார்கள். கண் திறத்தல், பேச்சு, அசைவு என்ற மூன்றையும் பார்ப்பார்கள். கண்ணுக்கு 4, பேச்சுக்கு 5, அசைவுக்கு 6, மொத்தம் 15 புள்ளி. மிகக் குறைந்தது 3. எட்டும் அதற்குக் கீழும் பாரதூரமான நிலை. நாம் புள்ளி போடத் தேவையில்லை. ஆனால் அதே மூன்றையும் வீட்டில் பார்க்கலாம். கூப்பிட்டால் கண் திறக்கிறாரா? பெயர், இடம், இன்று என்ன கிழமை என்று சரியாகச் சொல்கிறாரா? இரண்டு கைகளையும் ஒரே மாதிரித் தூக்குகிறாரா?

தலையில் அடிபட்டவருக்கு இவற்றில் ஒன்றைக் கண்டாலும் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுபோகவேண்டும்:

– கொஞ்ச நேரமாவது நினைவு தப்பியது, அல்லது நடந்தது ஞாபகமில்லாமை
– ஒருதரத்துக்கு மேல் சத்தி
– கூடிக்கொண்டே போகும் தலையிடி
– எழுப்பினால் எழும்பாத நித்திரை, உளறல், வழக்கமில்லாத கோபம்
– ஒரு கண்மணி மற்றதைவிடப் பெரிதாகத் தெரிதல்
– ஒரு கை அல்லது கால் சோர்தல், வலிப்பு
– காதால் அல்லது மூக்கால் இரத்தமோ தெளிந்த நீரோ வருதல்

பனையாலோ தென்னையாலோ விழுந்தவர், மோட்டார் சைக்கிளால் விழுந்தவர், ஒரு வயதுக்குக் குறைந்த குழந்தை, இரத்தம் உறையாமலிருக்கக் குளிசை எடுப்பவர் ஆகியோரை இந்த அறிகுறிகள் வரும்வரை வைத்திருக்கவேண்டாம். வயதானவர்களுக்குச் சில கிழமைகள் கழித்தும் தலையிடி, தடுமாற்றம் வரலாம். அப்போது, "போன மாதம் விழுந்தவர்" என்பதை மறக்காமல் வைத்தியரிடம் சொல்லுங்கள்.

விழுந்தவரை உடனே தூக்கி உலுப்பவேண்டாம். கழுத்தும் அடிபட்டிருக்கலாம். தலையையும் கழுத்தையும் அசையாமல் பிடித்துக்கொண்டு உதவி கேளுங்கள். இரத்தம் ஓடினால் சுத்தமான துணியால் அமத்துங்கள். எலும்பு பதிந்ததுபோலத் தெரிந்தால் அந்த இடத்தில் மட்டும் அமத்தவேண்டாம். காயத்தில் கோப்பித்தூள் வேண்டாம். வைத்தியர் பார்க்கும்வரை சாப்பாடும் தண்ணீரும் வேண்டாம். வலிப்பு வந்தால் கையில் திறப்பை வைப்பதால் பயனில்லை. ஒருபக்கமாகச் சரித்து, வாய் நீர் வெளியே ஓட விடுங்கள்.

வைத்தியசாலையில் பார்த்து வீட்டுக்கு அனுப்பிவிட்டால் அவர் நித்திரை கொள்ளலாம். ஆனால் முதல் 24 மணித்தியாலம் தனியே விடக்கூடாது. இரவில் இரண்டொரு தடவை எழுப்பி ஒரு கேள்வி கேளுங்கள் என்றார் தாதி.

"கிணற்றடியில் வழுக்கி விழுந்திட்டன்"

அந்தக் கூட்டம் முடிந்து மூன்றாம் நாள் இரவு எனக்கு ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. "மிஸ், பக்கத்து வீட்டு அக்கா பின்னேரம் தொடக்கம் படுத்திருக்கிறா. கிணற்றடியில் விழுந்தவவாம். இரண்டு தரம் சத்தி எடுத்திட்டா. எழுப்பினால் ம் என்கிறா, கண் திறக்கிறா இல்லை." அழைத்தவர் கூட்டத்தில் பின்வரிசையில் இருந்து ஒரு கேள்வியும் கேட்காத பெண். "1990க்கு எடுத்தீர்களா?" என்றேன். "எடுத்திட்டன் மிஸ். வருகினம். உங்களுக்குச் சொல்லத்தான் எடுத்தனான்."

அந்த அக்காவுக்கு மண்டைக்குள் இரத்தம் கசிந்திருந்தது. சத்திரசிகிச்சை செய்தார்கள். இப்போது வீட்டில் இருக்கிறார். அவர் கிணற்றடியில் விழவில்லை. கணவன் தள்ளியதில் விறாந்தைக் கட்டில் தலை மோதியிருந்தது. பிள்ளைகளுக்குத் தகப்பன் வேண்டும் என்பதற்காக அவர் பொய் சொன்னார். அதை எழுத அவரே எனக்கு அனுமதி தந்தார்.

சகோதரிகளே, அடி விழுந்த பின் வாய்மூடிப் படுத்திருக்கும் பெண்ணை எங்கள் ஊர் "அமைதியான பெண்" என்கிறது. சண்டை அடங்கிவிட்டது என்று அயல்வீடும் கதவைச் சாத்திக்கொள்கிறது. அந்த அமைதியையும் நாம் நம்பக்கூடாது. எப்படி விழுந்தீர்கள் என்று வைத்தியர் கேட்பது குற்றம் பிடிக்கவல்ல. எவ்வளவு பலமாக, எந்தப் பக்கத்தில் மோதியது என்று அறிந்தால்தான் எதைத் தேடுவது என்று அவருக்குத் தெரியும். அரச வைத்தியசாலைகள் பலவற்றில் நட்பு நிலையம் என்ற பிரிவு இருக்கிறது. அங்கே தனியாகக் கதைக்கலாம். 1938 பெண்களுக்கான உதவி இலக்கம். 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். ஆனால் முதலில் உயிர். மற்றவை பிறகு.

பழைய காயம் உள்ளவர்களுக்கு

2009 முடிந்தும் தலைக்குள் ஷெல் துண்டைச் சுமந்துகொண்டு வாழ்பவர்கள் எங்களிடையே இருக்கிறார்கள். அடிக்கடி தலையிடி, மறதி, சட்டென்று வரும் கோபம், வருடங்கள் கழித்து வரும் வலிப்பு எல்லாம் தலைக்காயத்தின் பின்விளைவாக இருக்கலாம். அதை "விசர்" என்று ஒதுக்காமல் கிளினிக்குக்கு அழைத்துச் செல்லுங்கள். எம்.ஆர்.ஐ. பரிசோதனைக்கு அனுப்பினால், உடம்பில் உலோகத் துண்டு இருப்பதை முதலே சொல்லிவிடவேண்டும். அந்த இயந்திரம் பலமான காந்தம். துண்டு அசையக்கூடும்.

ஒருவருக்கே பழைய தலையிடியும் முட்டும் இருந்தால் குளிசையில் கவனம் தேவை. தலையிடி வராமலிருக்கவும் படபடப்புக்கும் கொடுக்கும் புரோபிரனலோல் முட்டைக் கடுமையாக்கும். அஸ்பிரின், டைக்ளோபெனாக் போன்ற நோக்குளிசைகளாலும் சிலருக்கு முட்டு வரும். தலையில் புதிதாக அடிபட்டவருக்கும் இவை இரத்தக் கசிவைக் கூட்டலாம். நித்திரைக் குளிசை இருவருக்குமே ஆகாது. முட்டுபவரின் மூச்சை அது இன்னும் குறைக்கும். தலையில் அடிபட்டவரின் மயக்கத்தை மறைத்துவிடும். பெட்டிக்கடையிலும் அயல்வீட்டிலும் குளிசை வாங்கவேண்டாம். "எனக்கு முட்டு இருக்கு" என்று ஒவ்வொரு முறையும் வைத்தியரிடம் சொல்லுங்கள்.

வாசித்துக் கேளுங்கள்

1847இல் யாழ்ப்பாணத்துக்கு வந்த அமெரிக்க வைத்தியர் சாமுவேல் கிறீன் தமிழ் படித்து, தமிழிலேயே மருத்துவம் கற்பித்து, மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார். இன்றும் நம்மில் பலர் ஆங்கிலத்தில் எழுதிய துண்டை மடித்து வைத்துக்கொண்டு வீட்டுக்கு வருகிறோம். வைத்தியசாலையை விட்டு வரும்போது தாதியிடம் மூன்று கேள்வி கேளுங்கள். என்ன வருத்தம்? எந்தக் குளிசை எதற்கு? எதைக் கண்டால் திரும்பி ஓடிவரவேண்டும்? வெட்கப்படவேண்டாம். பதிலைத் தமிழில் எழுதிக்கொள்ளுங்கள்.

1990 சுவசெரிய அம்புலன்ஸ் சேவை 2016இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கி, பின்னர் எங்கள் பகுதிகளுக்கும் வந்தது. பணம் கொடுக்கத் தேவையில்லை. அழைக்கும்போது கிராமத்தின் பெயர், அருகிலுள்ள பாடசாலை அல்லது கோயில், நோயாளியின் வயது, என்ன நடந்தது என்பவற்றைச் சொல்லுங்கள். ஒருவர் ரோட்டில் ரோர்ச் லைற்றோடு நிற்கட்டும்.

இந்தப் பக்கத்தை வெட்டிக் குசினிச் சுவரில் ஒட்டிவிடுங்கள். எழுத்து வாசிக்கத் தெரியாத அயலவருக்கு ஒருதரம் வாசித்துக் காட்டுங்கள்.

இதை எழுதிமுடித்து அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். சின்னம்மாவின் பகுதி வந்தபோது, "எனக்குத் தெரியேல்லையே பிள்ளை" என்றார். "எங்கள் ஒருவருக்கும் தெரியாது அம்மா" என்றேன். சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கும் முட்டு இருக்கு. அந்தப் போத்தலை எப்படி வெட்டுறது என்று காட்டு" என்றார்.

அடுத்த மாதம் சந்திப்போம்.